சொந்த டென்டா, வாடகை டென்டா, ரூமா? முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள்

போன வாரம் ஆபீஸில் ஒரு தோழி கேட்டாள்: "அக்கா, லீவுக்கு மலைப்பக்கம் போலாம்னு ரூம் வாடகையைப் பார்த்தா பகீர்னு இருக்கு. உங்களை மாதிரி ஒரு டென்ட் வாங்கிடட்டுமா?" நான் விலை, கம்பெனி எதுவும் சொல்லவில்லை. "உங்க வீட்ல துணி எங்க காயப்போடறீங்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மூன்றாவது மாடி ஃப்ளாட், ஆள் நிற்கிற அளவு பால்கனி. அப்படியென்றால் வாங்காதே, வாடகைக்குப் போ என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கப் போனால் மதிய இடைவேளை போதாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோவை. நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். சில வருடங்களாக விடுமுறைக்கு மூன்று விதமாகவும் தங்கிப் பார்த்துவிட்டோம்: சொந்த டென்ட், ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் வாடகை டென்ட், சாதாரண ரூம். இப்போது எங்களிடம் இருப்பது இரண்டாவது சொந்த டென்ட். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

ரூமை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. மாமியார் கூட வந்தால் ரூம்தான், பேச்சே இல்லை. முழங்கால் வலிக்காரர் தரையோடு தரையாகக் குனிந்து உள்ளே போய், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு கழிப்பறை தேட முடியாது. செலவு குறைக்க எங்களுக்குப் பலித்த ஒரே வழி, மலை மேல் தங்காமல் அடிவாரத்தில் தங்குவது. மே மாதம் கொடைக்கானலில் கேட்கிற வாடகைக்குப் பழனியில் இரண்டு மூன்று நாள் இருக்கலாம், தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையத்தில் கிடைத்தால் இன்னும் குறைவு, ஆதார் மட்டும் மறக்காமல் கொண்டு போக வேண்டும். பழனியில் இருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர் போல, அதிகாலை பஸ்ஸில் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையும் இல்லை. ஆனால் காட்டுப் பக்கத்துக் குளிரும் ராத்திரி நட்சத்திரமும்தான் வேண்டும் என்றால் பழனி ரூமில் அது கிடைக்காது.

வாடகை டென்ட். கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் தங்கும் சூரியநெல்லி, மூணாறு தாண்டி வட்டவடை, கொல்லிமலை, ஏற்காடு என்று இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. நாங்கள் மூன்று தடவை போனோம். கடைசியாகக் கொடுத்தது பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்குப் பாதி, ராத்திரிச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்து மொத்தம் 3,000. வண்டியில் ஒரு பைதான். போனதும் பிள்ளைகள் உள்ளே குதிக்கிறார்கள், காலையில் எழுந்து கையை வீசிக்கொண்டு வந்துவிடலாம். இந்தக் கையை வீசிக்கொண்டு வருவதற்குத்தான் பணம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதில் பிடிக்காதது, யார் தலை வைத்ததென்று தெரியாத தலையணை (பெட்ஷீட், தலையணை உறை நாமே கொண்டு போய்விடலாம்), அப்புறம் பாட்டு. ஓரிடத்தில் ராத்திரி ஒன்றரை மணி வரை நெருப்பைச் சுற்றி ஸ்பீக்கர் அலறியது, நாங்கள் போய்ச் சொன்னால் "வீக்எண்டுங்க மேடம்" என்றார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது: பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், கழிப்பறை எத்தனை டென்டுக்கு ஒன்று, காட்டு எல்லை எவ்வளவு தூரம், சுற்றி வேலி இருக்கிறதா. கடைசி இரண்டும் சும்மா கேட்பதல்ல. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது, அதற்குப் பிறகு அங்கே டென்ட் தொழிலுக்கு அனுமதி இருக்கிறதா என்று கெடுபிடியாகப் பார்த்தார்கள். உரிமையாளர் மழுப்பினால் நான் அடுத்த நம்பருக்குப் போய்விடுவேன்.

சரி, சொந்த டென்ட். நாலு பேர் என்று பையில் எழுதியிருக்கும், பெரியவர்கள் நாலு பேர் படுத்தால் பட்டியில் ஆடு அடைத்த மாதிரிதான். எங்களைப் போல் இரண்டு பெரியவர், இரண்டு சின்னவர் என்றால் சரியாக இருக்கிறது. மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் நிலைமை இதுவே என்று உறுதி சொல்ல மாட்டேன். படுக்கை என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. அடியில் ஒரு தார்ப்பாய், அதற்கு மேல் டென்ட், உள்ளே யோகா மேட், அதன் மேல் பவானி ஜமக்காளம், போர்த்திக்கொள்ளக் கம்பளி. குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையில் இருந்துதான் அதிகம் ஏறுகிறது, அதனால் போர்வை ஒன்று குறைந்தாலும் மேட் குறையக் கூடாது.

எங்கே அடிப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். காப்புக்காட்டுக்குள் அடிக்க முடியாது, அது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். நாங்கள் செய்வது, வாடகை டென்ட் வைத்திருக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கே போன் போட்டு "டென்ட் எங்களிடம் இருக்கிறது, இடமும் கழிப்பறையும் போதும்" என்று கேட்பது. வார நாளில் பெரும்பாலும் சரி என்கிறார்கள், 400, 500 வாங்கிக்கொள்கிறார்கள். பொங்கல், ஆயுதபூஜை மாதிரி நீண்ட விடுமுறையில் கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தெரிந்தவர் தோப்பு. தோப்பில் தென்னைக்கு அடியில் மட்டும் முளை அடிக்காதீர்கள். காய் விழும், மட்டை விழும், இரண்டுமே டென்டோடு நிற்காது.

சமையலுக்கு ஒற்றை கேஸ் அடுப்பு, சொந்த வண்டியில் போனால் மட்டும். ரயிலில் கேஸ் கொண்டுபோவது சட்டப்படி குற்றம், 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டிக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ரயில் பயணம் என்றால் முதல் நாளுக்குப் புளிச்சோறு, அப்புறம் கிடைக்கிற கடை.

இனி துணி காயப்போடும் கதை.

எங்கள் முதல் டென்ட் 6,500 ரூபாய். ஒரு ஜனவரியில் வட்டவடையில் இரண்டு ராத்திரி இருந்தோம். மழை ஒரு சொட்டு இல்லை. ஆனால் காலையில் ஆறு மணிக்கு டென்டின் மேல் போர்த்தும் மேல்துணியைத் தொட்டால் கையில் தண்ணீர் ஓடுகிறது. மேகமில்லாத ராத்திரியில் மேல்துணி சுற்றியிருக்கும் காற்றைவிடச் சில்லிட்டுப் போகிறது, பனி அதில்தான் முதலில் இறங்கும். உள்ளே நாலு பேர் விடும் மூச்சு வேறு. முதல் ராத்திரி குளிருகிறதென்று காற்றுப்போக்கி ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டோம், விடியற்காலையில் உள்பக்கமே சொட்டியது, மகன் மழை வருகிறதென்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். பள்ளி விடுமுறை நமக்குக் கிடைப்பது அரையாண்டும் பொங்கலும்தானே, இரண்டுமே பனிக்காலம். கோடையில் போனால் மலையில் மதியம் தாண்டி இடியோடு மழை. ஆக, நம் ஊர் விடுமுறைக் கணக்கில் பார்த்தால் சொந்த டென்ட் காய்ந்து வீடு திரும்பவே திரும்பாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு நாங்களும் ஈரத்தோடு சுருட்டினோம். மறுநாள் பள்ளிக்கூடம், வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று, பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டோம். அப்புறம் மறந்தே போனோம். அந்தக் கோடை முழுக்க கான்கிரீட் தளத்துக்கு ஒன்றரை அடி கீழே அது வெந்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த டிசம்பரில் பிரித்தபோது குழந்தை கக்கிய பால் மாதிரி ஒரு வாடை, துணி கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, தையல் மேல் ஒட்டியிருந்த பட்டை உரிந்து தொங்குகிறது, எங்கும் கருப்புப் புள்ளி. தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணியின் உள்பக்கம் பாலியூரிதேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதைந்து பிசினாகிவிடும். ஒருமுறை அப்படி ஆனால் கழுவி மீட்க முடியாது. மொத்தம் ஐந்து ராத்திரி படுத்திருந்தோம். ராத்திரிக்கு 1,300, இடத்துக்குக் கொடுத்த 400 சேர்த்து 1,700. அந்தக் காசுக்குச் சுமாரான ரூமே கிடைத்திருக்கும், கட்டிலோடு.

இரண்டாவது 7,200. இது வரை 16 ராத்திரி, ராத்திரிக்கு 450 என்று இறங்கிவிட்டது. இடவாடகை 500, நாங்களே சமைப்பதால் சாப்பாட்டுக்கு ஒரு 500 என்று போட்டாலும் 1,450, வாடகை டென்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம் டென்டின் தரத்தால் வந்ததல்ல, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ரகம்தான். நாங்கள் குடியிருப்பது முதல் மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி, சாவி எங்களிடம். வீடு வந்தால் எத்தனை மணியானாலும் டென்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறோம். மறுநாள் காலையில் குச்சிகளைக் கோத்து முழுசாக நிற்க வைக்கிறோம், அப்படி நின்றால்தான் மூலையும் தையலும் காய்கிறது. அடித்தரைதான் கடைசியில் காயும், அதைக் கவிழ்த்துப் போட வேண்டும். சேற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு போய்விடும். உச்சிவெயிலில் நாள் கணக்கில் விடவும் கூடாது, வெயில் துணியின் பலத்தைத் தின்றுவிடும். காலை ஒன்பதுக்குள் அல்லது நாலு மணிக்கு மேல், அல்லது தண்ணீர்த்தொட்டி நிழலில். காய்ந்த பிறகு அந்த இறுக்கமான பையில் திணிக்காமல் கணவரின் பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில். மடிக்கும் முன் உள்ஜேபியில் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை, ஒருமுறை மகன் வைத்த அரை பிஸ்கட்டுக்காக எலி டென்டின் கொசுவலையைக் கடித்துவிட்டது.

அந்த வலையைத் தைத்துக் கொடுத்தவர் தெருவில் வரும் குடை ரிப்பேர்காரர், ஐம்பது ரூபாய். ஜிப் மூடினாலும் பின்னால் திறந்துகொண்டே வந்தபோது பேக் தைக்கிற கடையில் ரன்னர் மாற்றினார்கள். பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால் மண் சிக்குவது குறைகிறது. குச்சிக்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்தால் டெய்லர் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ரிப்பேரைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம், நம் தெருவில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. காயவைப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது.

ஃப்ளாட்டில் முடியவே முடியாதா என்றால், இரண்டு பேர் படுக்கும் சின்ன டென்டாக இருந்தால் பாத்ரூம் கம்பியில், நாற்காலி முதுகில் என்று பிரித்துப் போட்டு இரண்டு நாளில் காயவைத்துவிடலாம். குடும்ப டென்டின் மேல்துணியைப் பால்கனியில் தொங்கவிட்டால் பாதி கீழ்வீட்டு ஜன்னலில் இருக்கும். பொது மாடியில் போட அசோசியேஷன் விட்டால் யோகம்தான்.

இரண்டு விஷயத்தில் என் அனுபவம் கம்மி. ஜூன், ஜூலை சாரலில் மேற்கு மலையில் ஒரு ராத்திரிகூட டென்டில் இருந்ததில்லை, பிள்ளைகளோடு இருக்கும் எண்ணமும் இல்லை. கடற்கரையில் ஒரே ஒரு ராத்திரி, மணலில் முளை நிற்காமல் நாலு பையில் மண் நிரப்பிக் கயிற்றைக் கட்டினோம். அதை வைத்து எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

தோழி வாடகைக்கே போகிறேன் என்றுவிட்டாள். காலையில் எழுந்ததும் மேல்துணியை ஒருதரம் தொட்டுப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எங்களுக்கு வரும் பொங்கலுக்குப் பழனியில் ரூம், மாமியார் வருகிறார். இதற்கிடையில் வீட்டு ஓனர் மொட்டை மாடியில் இன்னொரு வீடு கட்டப் போவதாக ஒரு பேச்சு ஓடுகிறது. கட்டிவிட்டால் டென்டைப் பொள்ளாச்சியில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு நாங்களும் வாடகைக்கு மாறிவிடுவோம். அவர்களுக்குக் கொப்பரை காயும் களமே இருக்கிறது.