நன்கொடையா, கடன்பத்திரமா, சிறுகடனா, பங்கா? புலம்பெயர்ந்தோர் தொழில்முனைவோருக்குக் கைகொடுக்கும் வழிகள் பற்றிய ஒப்பீடு

வெளிநாட்டில் வேரூன்றிய ஒரு சமூகம் தாயகத்தின் தொழில்முனைவோருக்கும் சமூக நோக்குள்ள நிறுவனங்களுக்கும் உதவ முன்வரும்போது, அதன் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன: நன்கொடை, அரசுக் கடன்பத்திரம், சிறுகடன், பங்கு முதலீடு, பணமல்லாத அறிவும் அறிமுகமும். இழப்பு வந்தால் அதை யார் தாங்குகிறார்கள், முடிவை யார் எடுக்கிறார்கள், போட்ட பணம் எத்தனை காலம் பொறுத்திருக்கும் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு வழியிடமும் கேட்டால் வேறுபாடு தெளிவாகும்.

பெருந்தொகை திரட்டுவதில் கடன்பத்திரத்தை விஞ்ச எதுவும் இல்லை. அணுகுண்டுச் சோதனைக்குப் பிந்தைய பொருளாதாரத் தடைகளின்போது, 1998-இல், பாரத ஸ்டேட் வங்கி வெளிநாடுவாழ் இந்தியரிடம் ‘ரிசர்ஜென்ட் இந்தியா’ பத்திரங்களை விற்றுச் சுமார் 420 கோடி டாலர் திரட்டியது. நைஜீரியா 2017-இல் 30 கோடி டாலர் திரட்டியது. ஆனால் இந்தப் பணம் சேர்வது அரசின் அல்லது பெரிய வங்கியின் கைக்கு. ஒரு சிறு தொழில்முனைவர் அதன் பயனைக் காண்பது பல படிகள் கடந்த பிறகுதான். பத்திரம் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டத்தையும் மதிக்க வேண்டும். நீலநைல் அணைக்காக அமெரிக்காவில் வாழும் எத்தியோப்பிய வம்சாவளியினரிடம் பதிவு செய்யாமல் பத்திரம் விற்ற எத்தியோப்பிய மின்வாரியம், 2016-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துடன் சுமார் 65 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. அணை, சாலை போன்ற பெரும் கட்டமைப்புக்கு இவ்வழி பொருந்தும். தொழில்முனைவோரை வளர்ப்பதே நோக்கமென்றால் இதை முதலில் ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

நன்கொடையில் இழப்பு முழுவதும் கொடுப்பவருடையது. ஆகவே வருமானம் வருமா என்று எவராலும் சொல்ல முடியாத தொடக்கக் கட்டத்துக்கும், பயனாளியிடம் கட்டணம் வாங்கவே முடியாத சேவைகளுக்கும் இதுதான் ஏற்றது. மெக்சிகோவின் ‘மூன்றுக்கு ஒன்று’ திட்டத்தில் புலம்பெயர்ந்தோர் ஊர்ச்சங்கம் கொடுக்கும் ஒவ்வொரு பெசோவுக்கும் நகராட்சி, மாநிலம், மத்திய அரசு மூன்றும் தலா ஒன்று சேர்த்தன. பெரும்பகுதி சாலை, குடிநீர், பள்ளி போன்ற பொதுப்பணிகளுக்கே சென்றது. அரசின் பங்கை நம்பிய திட்டம் என்பதால், 2020-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அதற்கு நிதி இல்லாமல் போனபோது ஏற்பாடு முழுவதுமே தடுமாறியது.

இதே எண்ணத்தைத் தொழிலுக்குத் திருப்பிய நாடு மால்டோவா. 2010-இல் தொடங்கிய ‘பாரே 1+1’ திட்டத்தில், வெளிநாட்டில் உழைத்தவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ அனுப்புபணத்திலிருந்து தொழிலில் இட்ட ஒவ்வொரு லேயுக்கும் (அந்நாட்டு நாணயம்) அரசு ஒரு லேய் மானியம் தந்தது. பணத்தைவிட முக்கியமானது அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு: மானியத்துக்கு முன் தொழில் பயிற்சி இருந்தது, பிறகு கண்காணிப்பு இருந்தது. குடும்பச் செலவுக்கென்று வந்த பணம் அப்படித்தான் தொழில் முதலாக மாறுகிறது. முடிவெடுப்பவரும் தன் பணத்தைப் பணயம் வைப்பவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதால் கவனம் தானாகவே கூடுகிறது.

சிறுகடனுக்கு 2005-இல் தொடங்கிய கீவா என்ற இணையவழிக் கடன்தளம் நல்ல எடுத்துக்காட்டு. குறைந்தது 25 டாலரிலிருந்து எவரும் கடன் கொடுக்கலாம்; கொடுப்பவருக்கு வட்டி இல்லை. ஆனால் களத்தில் கடன் வழங்கும் கூட்டாளி நிறுவனங்கள் பெரும்பாலும் கடனாளியிடம் வட்டி வாங்குகின்றன என்பதைக் கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டும். கையிருப்புச் சரக்கு வாங்கவும் ஒரு தையல் இயந்திரம் வாங்கவும் இது போதும். இரண்டாண்டுக்கு வருமானமே இல்லாத முயற்சிக்கு மாதத் தவணைக் கடன் கழுத்துச் சுருக்காகிவிடும். நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட கடனே ஒரு நல்ல முயற்சியை மூடவைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பங்கு முதலீட்டில் லாபமும் நட்டமும் இருவருக்கும் பொது. பணமும் பல ஆண்டுகள் பொறுத்திருக்கும். இதன் குறை, சமூக நிறுவனங்களில் பங்கை யாரிடம் விற்று வெளியேறுவது என்பது பெரும்பாலும் தெளிவாக இல்லாததே. அத்தகைய நிறுவனங்களுக்கு, குறிப்பிட்ட மொத்தத் தொகை வந்துசேரும்வரை விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் பொருத்தமானது: விற்பனை குறைந்த மாதத்தில் தவணையும் குறையும்.

ஐந்தாவது வழியான அறிவையும் அறிமுகத்தையும் நான் மற்ற நான்கைவிட உயர்வாக மதிக்கிறேன். பல ஆண்டுகள் அமெரிக்க நிறுவனங்களில் பணியாற்றிய மாரிஸ் சாங் 1980-களின் நடுவில் தைவானுக்கு வந்தார். 1987-இல் அவர் டிஎஸ்எம்சி என்ற சிப் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கியபோது மூலதனத்தில் பெரும்பங்கை அரசும் பிலிப்ஸ் நிறுவனமும் போட்டன. அவர் கொண்டுவந்தது தொழில் அறிவும் வாடிக்கையாளர் பற்றிய புரிதலும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் 1992-இல் உருவான, தெற்காசிய வம்சாவளித் தொழில்முனைவோரின் டை (TiE) அமைப்பும் வெற்றி பெற்றவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டுவதையே அடித்தளமாகக் கொண்டது.

அன்றாடத்தில் இது எப்படி நடக்கிறது? ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் வெளிநாட்டு மருத்துவமனைக்கு விற்க முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பிரிவு தகவல் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை, பொறுப்புக் காப்பீடு, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பரிந்துரை மூன்றையும் கேட்கிறது. பில் அனுப்பிய 60 நாள் கழித்துத்தான் பணம் தரும். அதே துறையில் வேலை செய்யும் ஒருவர் எந்தத் தணிக்கை செல்லும், எந்த விதியைப் பேசித் தளர்த்தலாம் என்று ஒரு மாலையில் சொல்லிவிடுவார். அந்த 60 நாளைத் தாண்ட மட்டும் பணம் வேண்டும்; முதல் ஆர்டர் கையில் இருப்பதால் அந்தக் கடனைத் திருப்புவது எளிது.

இவ்வழிக்கும் பலவீனம் உண்டு: உதவுபவர் உற்சாகத்தோடு வந்து சில வாரங்களில் மறைந்துவிடுகிறார். ஆகவே பொதுவாக ‘வழிகாட்டுகிறேன்’ என்பதைவிட, ஆறு மாதத்துக்கு மாதம் இரண்டு மணி நேரம், இன்ன பொருளில், இன்ன மூன்று பேரிடம் அறிமுகம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது நல்லது. புதிதாகத் தொடங்கும் சங்கம் தன்னிடமுள்ள சிறு தொகையில் ஒரு பகுதியை இத்தகைய தொடர்பை ஒருங்கிணைக்கும் ஒருவரின் சம்பளத்துக்கு ஒதுக்கி, மீதியை முதல் ஆர்டர் பெற்றவர்களுக்குக் குறுகியகாலக் கடனாகச் சுழற்றலாம். தணிக்கை, சான்றிதழ் போன்ற செலவுகளை மட்டும் மானியமாக ஏற்கலாம். அவற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது.