நட்சத்திரம் முட்டையா வருதா? நம்மூருக்கு எந்த போலார் அலைன்மென்ட் ஒத்துவரும்னு ஒரு அலசல்

பொங்க நோம்பிக்கு முந்தின வாரம் பொள்ளாச்சிப் பக்கம் மாமா தோட்டத்துல ஒரியன் நெபுலாவ (வானத்துல இருக்கற வாயு மேகம்) டெலஸ்கோப்புல படம் எடுத்துட்டு வந்து, திருப்பூர்ல வீட்ல உக்காந்து ஸ்டாக் பண்ணி, அதாவது பல படத்த ஒண்ணா அடுக்கிப் பாத்தா நட்சத்திரம் ஒண்ணுகூட உருண்டையா இல்லைங்க. எல்லாமே கோழிமுட்டை, அதுவும் ஒரே பக்கமா சாஞ்ச முட்டை.

டெலஸ்கோப்பத் தாங்கி வானத்துக்கூடவே திருப்பற மவுண்ட குத்தம் சொல்றதுக்கு முன்னாடி படத்த நல்லா ஜூம் பண்ணிப் பாக்கோணும். மூலைல மட்டும் நீண்டு நடுவுல உருண்டையா இருந்தா அது கோமா கரெக்டருக்கும் (ஓரத்து நட்சத்திரத்த உருண்டையாக்கற லென்ஸ்) சென்சாருக்கும் இருக்கற தூரம், பெரும்பாலும் 55 மிமீ வரோணும், மவுண்ட நோண்டி பிரயோஜனமில்ல. பிரேமுக்கு பிரேம் திசை மாறுச்சுன்னா காத்து, பாலக்காட்டு கணவாய்க் காத்து ட்ரைபாட எப்பிடி ஆட்டும்னு உடுமலை, தாராபுரம் ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கெழக்கு மேற்கா நீண்டு, சில பிரேம் சுத்தமா இருந்து சில பிரேம் கெட்டுப்போனா மவுண்ட ஓட்டற வார்ம் கியரோட பீரியாடிக் எரர் (சுத்துக்குச் சுத்து திரும்பி வர்ற தப்பு), எச்ஈகியூ5 மவுண்டுல 135 பல்லு, ஒரு சுத்துக்கு 638 செகண்டு, அந்தக் கணக்குல வந்து வந்து போகும். எல்லா பிரேம்லயும் வடக்கு தெக்கா ஒரே அளவா இழுத்துருந்தா போலார் அலைன்மென்ட்தான், அதாவது மவுண்டோட அச்சு வானத்தோட வட துருவத்த நேராப் பாக்கல. எனக்கு இந்தக் கடைசிக் கேசு.

கணக்கு ரொம்ப லேசு. ஒரு டிகிரிய அறுவதாப் பிரிச்சா ஆர்க்மினிட், அத மறுபடி அறுவதாப் பிரிச்சா ஆர்க்செகண்டு. அச்சு ஒரு ஆர்க்மினிட் தப்பா இருந்தா நட்சத்திரம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் கால் ஆர்க்செகண்டு நகரும். என்கிட்ட இருக்கறது 750 மிமீ குவியத் தூரம் உள்ள நியூட்டோனியன் டெலஸ்கோப்பு, கேமரா பிக்சல் 4.3 மைக்ரான், அப்ப ஒரு பிக்சலுக்கு 1.18 ஆர்க்செகண்டு. 60 செகண்டு பிரேம்ல அஞ்சு பிக்சல் இழுத்துருக்குதுன்னா கொறஞ்சது 22 ஆர்க்மினிட் தப்பு. அம்புட்டு தப்பு எப்பிடி வந்துச்சுன்னா, துருவ நட்சத்திரம் போலாரிஸ நம்பி.

போலார் ஸ்கோப்புல (மவுண்டோட அச்சுக்குள்ள இருக்கற சின்ன டெலஸ்கோப்பு) போலாரிஸப் பாத்து வைக்கறதுதான் எல்லா வீடியோலயும் சொல்ற வழி, ஐரோப்பாக்காரனுக்கு அது நல்ல உசரத்துல இருக்குது, நமக்கு அது வெறும் 11 டிகிரி உயரம்ங்க, அதுவும் தென்னந்தோப்புக்குள்ள. ஒரு மட்டை காத்துல அக்கட்ட போனா தெரியுது, இக்கட்ட வந்தா மறையுது. மரம் இல்லாட்டியும் பொள்ளாச்சிக்கு நேர் வடக்க கோயமுத்தூரு, அந்த ஊரு வெளிச்சம் பூராவும் போலாரிஸ் மேலதான் கொட்டுது. அந்த உயரத்துல காத்துமண்டலம் ஒளிய வளைச்சு சுமார் 5 ஆர்க்மினிட் மேல தூக்கிக் காட்டும், அதையும் சேத்துக்குங்க. பத்தாததுக்கு ஸ்கோப்புக்குள்ள பாக்கறதுக்கு மண்டி போட்டு கழுத்தத் திருப்போணும். மாமா வந்து பாத்துட்டு "ஏனுங் மாப்ள, ஒரு வெள்ளியப் பாக்கறதுக்கு இப்பிடி உழுந்து கும்புடோணுமுங்களா"ன்னு கேட்டாரு. அன்னைக்கு நான் அவசரத்துல போலாரிஸ் உக்காரோணும்னு ஸ்கோப்புக்குள்ள வரைஞ்சிருக்கற ரெட்டிக்கிள் வட்டத்த விட்டுட்டு போலாரிஸ நடுவுக்குப் பக்கத்துல வச்சுட்டேன், அது நிஜத் துருவத்துல இருந்து முக்கால் டிகிரிக்கு கொஞ்சம் கம்மியா தள்ளி இருக்கற நட்சத்திரம். பொறவு முட்டை வராம என்ன வரும்.

ரெண்டாவது வழி ட்ரிஃப்ட், அதாவது நட்சத்திரம் நகர்றத வச்சு அச்சத் திருத்தறது, இதுக்கு போலாரிஸே வேண்டாம், வடக்க மரம் இருந்தாலும் வீடு இருந்தாலும் கவலையில்ல. லேப்டாப் இல்லாம டிஎஸ்எல்ஆர வச்சே பண்ற முறைதான் எனக்குப் புடிச்சது. 125 செகண்டு எக்ஸ்போஷர், மொத 5 செகண்டு சும்மா விட்டா ஒரு புள்ளி விழும், அடுத்த ஒரு நிமிஷம் ஆர்ஏ பட்டன (கெழக்கு மேக்கா திருப்பறது) ஒரு பக்கம் 1எக்ஸ், அதாவது வானம் சுத்தற வேகத்துல அழுத்தோணும், அடுத்த ஒரு நிமிஷம் மறுபக்கம். போன கோட்டு மேலயே திரும்பி வந்தா சரி, வி மாதிரி விரிஞ்சா தப்பு. அசிமத்துக்கு, அதாவது அச்ச இடம் வலமா திருத்தறதுக்கு, ஒரியன் இடுப்புல இருக்கற மின்டாக்கா உச்சிக்கு வர்ற நேரம் நல்ல நேரம், அது வான நடுக்கோட்டுக்கு மேலயே உக்காந்துருக்குது. அச்சோட உயரத்த மேல கீழ திருத்தறதுக்கு கெழக்கயோ மேக்கயோ தாழ்வா இருக்கற நட்சத்திரம். கொறை என்னன்னா நேரம், எனக்கு முக்கால் மணி நேரம் ஆவுது, திருகறது எந்தப் பக்கம்னு மறந்துட்டு வி இன்னும் விரிஞ்சு உக்காந்த நாளும் உண்டு.

மூணாவது நினா சாஃப்ட்வேர்ல இருக்கற த்ரீ பாயின்ட் அலைன்மென்ட். கேமரா மூணு எடத்துல படம் எடுக்குது, பிளேட் சால்வ் பண்ணி, அதாவது படத்துல இருக்கற நட்சத்திரத்த டேட்டாபேஸோட ஒப்பிட்டு, அச்சு எங்க பாக்குதுன்னு சொல்லிருது, நாம திருகத் திருக எரர் கொறையறத ஸ்கிரீன்ல பாக்கலாம். பத்து நிமிஷ வேல. ஆனா லேப்டாப், அதுக்கு கரண்டு, கேபிளு எல்லாம் வேணும், நட்சத்திர டேட்டாபேஸ ஊட்லயே டவுன்லோட் பண்ணிட்டுப் போகோணும். நான் மொதத் தடவ பண்ணாமப் போயி, டவர் ஒரு குச்சிகூட நிக்காத தோட்டத்துல போன தூக்கிப் புடிச்சுட்டு கெணத்து மேட்டுல நின்னேன்.

என்னக் கேட்டா லேப்டாப் இருக்கறவங்க மூணாவதப் புடிச்சுக்குங்க, அப்பறம் ஒரு தடவ ட்ரிஃப்ட்ல சரிபாருங்க, ஏன்னா 11 டிகிரில உயரத்தத் திருத்தற அந்த ஆல்டிடியூட் போல்ட்ட டைட் பண்ணும்போது அச்சு சித்த நகந்துருது. லேப்டாப் இல்லாதவங்க ட்ரிஃப்ட். போலாரிஸ ஏறக்கொறைய வடக்கு காட்டறதுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

"கைடிங் போட்டா இதெல்லாம் எதுக்கு"ன்னு ஒருத்தர் கேப்பாரு. கைடிங்னா ஒரு நட்சத்திரத்தப் பாத்துட்டே மவுண்டத் திருத்திட்டு இருக்கறது, அதுக்கான பிஹெச்டி2 சாஃப்ட்வேர் கைட் நட்சத்திரத்த நடுவுல புடிச்சு வச்சுக்கும், உண்மைதான், ஆனா அலைன்மென்ட் தப்பா இருந்தா மத்த வானம் அந்த நட்சத்திரத்த மையமா வச்சு சுத்தும், நீளமான எக்ஸ்போஷர்ல மூலைல வில்லு வில்லா வரும். இதுக்கெல்லாம் காசு செலவு பண்ண மனசில்லாதவங்க 15 செகண்டு பிரேமா நூத்துக்கணக்குல எடுத்து ஸ்டாக் பண்ணலாம், 22 ஆர்க்மினிட் தப்புலகூட ஒண்ணேகால் பிக்சல்தான் இழுக்கும். ஒரியன் மாதிரி பளிச்சுன்னு இருக்கறதுக்கு அது தாராளம், மங்கலான நெபுலாவுக்கு ஊரு வெளிச்சமே இல்லாத எடத்துல 15 செகண்டு பத்தாது, ரீட் நாய்ஸ் (ஒவ்வொரு பிரேம்லயும் கேமராவே சேக்கற இரைச்சல்) தூக்கி நிக்கும்.

இன்னொண்ணு, எந்த வழின்னாலும் ட்ரைபாட கொப்பரை காயப்போடற சிமெண்டுக் களத்துல வைக்காதீங்க, பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிட்டே இருக்கும், நட்சத்திரம் கொதிக்கற மாதிரி ஆடும். மண்ணுல வைங்க, காலுக்கு அடில ஒரு ஓட்டுத்துண்டு போடுங்க. மவுண்டோட எடைக் கம்பி ட்ரைபாடோட வடக்குக் கால்ல முட்டுதான்னு லைட்டு இருக்கறப்பவே ஒருக்கா சுத்திப் பாத்துருங்க, நம்மூர்ல போலாரிஸ் தாழ்வா இருக்கறதால அது முட்டும்.