ஸாப்ஃபினோ: அழகுதான், ஆனால் நிறைய இடம் கேட்கும்

ஆப்பிளின் மேக் கணினி வாங்கினால் ஸாப்ஃபினோ (Zapfino) என்ற இந்த ஆங்கில எழுத்துரு கூடவே வந்துவிடுகிறது, தனியாகக் காசு இல்லை. ஜெர்மனியின் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1944-ல் பேனாவால் எழுதிப் பார்த்த எழுத்துகளிலிருந்து பிறந்தது, 1998-ல் லைனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்டது. ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருப்பதால், பக்கத்தில் எது வருகிறதோ அதற்கேற்ப வாலும் வளைவும் மாறி, நிஜமாகவே யாரோ உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். அதன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள், ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே கோலமாகிவிடும்!

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை பெயருக்கு மட்டும் போட்டேன், பிரமாதம். அதே ஜோரில் மண்டப முகவரியையும் இதிலேயே அடித்துவிட்டேன், பெரியப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு "என்னப்பா இது, டாக்டர் சீட்டா?" என்றார். எஃப் (f) எழுத்தின் வால் கீழ்வரியில் போய் இடிக்கும், அதனால் வரி இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். அப்புறம், முழுக்கக் கேபிடல் எழுத்தில் அடித்துவிடாதீர்கள், சிக்கு விழுந்த நூல்கண்டுதான். தமிழ் எழுத்துகள் இதில் கிடையாது. பெயர், தலைப்பு, ஒரு வரி வாழ்த்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.