ஆங்கிலம் பேசிப் பழக: வகுப்பு செமினாரா, மகால் வாசலா?

மதுரைக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு இலக்கணம் ஓரளவு தெரியும். ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் தயக்கம்.

வகுப்பு செமினாரில் தயார் செய்துகொண்டு பேசலாம், தவறை ஆசிரியர் திருத்துவார். ஆனால் பலர் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசி பெஞ்சில் யாராவது சிரித்துவிட்டால் அவ்வளவுதான்.

திருமலை நாயக்கர் மகால் வாசலில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளிடம் பேசிப் பழகலாம், அங்கே நிலைமை வேறு. பிரான்சிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வருபவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, அவரும் தடுமாறலாம். தெரிந்த முகம் எதுவும் அங்கே இருக்காது. 1998-இல் உளவியல் ஆய்வாளர் மெக்கின்டயரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கோட்பாட்டு மாதிரிப்படி, இரண்டாம் மொழியில் பேச முன்வருவதை உடனடியாகத் தீர்மானிப்பவை இரண்டு: இவரிடம் பேச வேண்டும் என்ற ஆசை, அந்த நேரத்துத் தன்னம்பிக்கை. செமினாரைவிட மகாலில் இரண்டும் சுலபமாக வரும். (கைடு என்று நினைத்து ஒதுங்குபவர்களும் உண்டு, விட்டுவிடுங்கள்.)

குறை என்னவென்றால், பேச்சு ‘எந்த ஊர், எத்தனை நாள்’ என்பதைத் தாண்டுவது அபூர்வம். ஒரு கருத்தைச் சொல்லி வாதாட அங்கே வழியில்லை.

முதலாண்டு மாணவர் என்றால் மகாலுக்கே போகச் சொல்வேன். வேலைக்கான குழு விவாதம் நெருங்கும் கடைசி ஆண்டில் செமினார்தான் உதவும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான், வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் குறைந்துவிடும்.