போக்கிமான் டைப் அட்டவணை: நெடுநாள் ஆட்டத்தில் அது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

போக்கிமான் வீடியோ ஆட்டங்களில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஃபயர், வாட்டர் போன்ற ஒரு டைப், அதாவது வகை, உண்டு. எந்த டைப் எதன் மேல் எவ்வளவு பலிக்கும் என்று காட்டுவதுதான் டைப் அட்டவணை. அதில் இடப்பக்கம் தாக்கும் டைப், மேல்வரிசையில் அடி வாங்கும் டைப். புதிதாக ஆட வருகிறவர்கள் இதை இடமிருந்து வலமாகத்தான் படிப்பார்கள். ஃபயர் எதை எரிக்கும், வாட்டர் எதை அணைக்கும் என்று பார்ப்பார்கள். கதைப் பகுதியை முடிக்க அவ்வளவு போதும். எதிரே இன்னொரு மனிதர் ஆடும்போது மேலிருந்து கீழாகப் படிக்கத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். அடுத்து வரப்போகும் அடியை நம் அணியின் ஆறு போக்கிமானில் யார் தாங்கி நிற்பார் என்பதுதான் அங்கே கேள்வி. 1996-ல் ஜப்பானில் வெளிவந்த ரெட், கிரீன் தொடங்கி 2022-ன் ஸ்கார்லெட், வயலெட் வரை இந்த அட்டவணை இரண்டு முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயம் மாறவே இல்லை.

இப்போது 18 டைப்கள், 324 கட்டங்கள். பார்த்ததும் மலைப்பாக இருக்கும், ஆனால் 204 கட்டங்களில் எந்த மாற்றமும் கிடையாது, அடி அப்படியே விழும். 51 கட்டங்களில் இரண்டு மடங்கு, 61 கட்டங்களில் பாதி, 8 கட்டங்களில் பூஜ்ஜியம். அந்த எட்டிலிருந்து மனப்பாடத்தைத் தொடங்குங்கள். நார்மலும் ஃபைட்டிங்கும் கோஸ்ட்டைத் தொடாது. கோஸ்ட் நார்மலைத் தொடாது. எலெக்ட்ரிக் கிரவுண்டிடமும், கிரவுண்ட் ஃப்ளையிங்கிடமும், பாய்சன் ஸ்டீலிடமும், சைக்கிக் டார்க்கிடமும், டிராகன் ஃபேரியிடமும் ஒன்றுமில்லாமல் போகும். ஆட்டத்தைத் திருப்புவதில் இரண்டு மடங்கு அடியைவிட இந்தப் பூஜ்ஜியங்களுக்கே பங்கு அதிகம். எதிராளி எர்த்குவேக் என்ற கிரவுண்ட் தாக்குதலைப் போடப்போகிறார் என்று ஊகித்து ஃப்ளையிங் டைப்பை உள்ளே இறக்கினால் நமக்கு ஒரு சொட்டு உயிரும் போகாது, அவருடைய ஒரு முறை வீண். மாற்றுதல் அடிக்கு முன்பே நடந்துவிடும் என்பதால்தான் இது சாத்தியம்.

அடுத்து ஸ்டீல் டைப்பின் நெடுவரிசை. அதில் மட்டும் பத்துப் பாதிகளும் ஒரு பூஜ்ஜியமும் இருக்கின்றன. நார்மல், கிராஸ், ஐஸ், ஃப்ளையிங், சைக்கிக், பக், ராக், டிராகன், ஸ்டீல், ஃபேரி எல்லாம் பாதியாகும், பாய்சன் ஏறவே ஏறாது. அதை வீழ்த்த ஃபயர், ஃபைட்டிங், கிரவுண்ட் என்று மூன்றே வழி. அதனால்தான் பெரும்பாலான போட்டி அணிகளில் ஒரு ஸ்டீல் இருக்கும், எதிரணியிலும் ஒன்று இருக்கும் என்று எண்ணி இந்த மூன்றில் ஒரு தாக்குதலாவது எடுத்துப் போவார்கள். எட்டுப் பூஜ்ஜியமும் ஸ்டீல் வரிசையும் மனதில் பதிந்துவிட்டால் மீதி ஆடிக்கொண்டே வந்துவிடும்.

இரண்டு டைப் கொண்டவற்றில்தான் கணக்கு பிசகும். விதி எளிமையானது, இரண்டு எண்ணையும் பெருக்க வேண்டும். முதல் ஆட்டத்தின் முதல் ஜிம்மில் வரும் ஓனிக்ஸ் ராக், கிரவுண்ட் இரண்டும் சேர்ந்தது. வாட்டரும் கிராஸும் அதன் மேல் நான்கு மடங்காக விழும். தொடக்கத்தில் கிராஸ் டைப்பான புல்பசாரோ வாட்டர் டைப்பான ஸ்குவர்ட்டிலோ எடுத்தவர்கள் அந்த ஜிம்மை ஊதித் தள்ளுவதும், ஃபயர் டைப்பான சார்மாண்டர் எடுத்தவர்கள் திணறுவதும் இதனால்தான். ஸ்வாம்பெர்ட் வாட்டரும் கிரவுண்டும். எலெக்ட்ரிக் பூஜ்ஜியம், பலவீனம் கிராஸ் ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று நான்கு மடங்கு. ஹீட்ரான் இன்னும் நல்ல உதாரணம். அது ஃபயரும் ஸ்டீலும். ஐஸ், கிராஸ், பக், ஃபேரி, ஸ்டீல் ஐந்தும் அதன் மேல் கால் பங்காகும். கிரவுண்ட் நான்கு மடங்கு. ஃபயரை எதிர்க்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஃபயர் பாதியாக்கும், ஸ்டீல் இரட்டிப்பாக்கும், பெருக்கினால் ஒன்று, அடி முழுசாகவே விழும். ஃபிளாஷ் ஃபயர் என்ற திறன் (டைப்புக்கு அப்பால் போக்கிமானுக்கு உள்ள தனிச் சிறப்பு) உள்ள ஹீட்ரான்தான் ஃபயரை விழுங்கும். அது திறனின் தயவு, அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

தன் டைப்பிலேயே உள்ள தாக்குதலைப் போட்டால் அடி ஒன்றரை மடங்காகும். ஸ்டாப் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். எதிராளியின் பலவீனத்தைக் குறிவைப்பதா, சொந்த டைப்பில் பலமாக அடிப்பதா என்று தடுமாறும்போது மனக்கணக்கு போட்டுவிடுங்கள். உங்களிடம் ஒரு வாட்டர் டைப், எதிரே நார்மலும் ஃப்ளையிங்குமான ஸ்டாராப்டர் என்று வையுங்கள். சர்ஃபின் பலம் 90, ஒன்றரையால் பெருக்கினால் 135. ஹைட்ரோ பம்ப் 110, பெருக்கினால் 165, ஆனால் நூற்றுக்கு 80 முறைதான் படும். ஐஸ் பீம் 90, ஸ்டாப் கிடையாது, ஃப்ளையிங் மேல் இரண்டு மடங்கு என்பதால் 180, குறியும் தவறாது. இங்கே ஐஸ் பீம்தான் சரி. பலவீனம் இல்லாத எதிரி மேல் அதே ஐஸ் பீம் வெறும் 90, அங்கே சர்ஃப் மேல். நான்கு தாக்குதல் இடங்களில் எதை வைப்பது என்பதற்கும் இதே கணக்குதான்: சொந்த டைப்பில் ஒன்றோ இரண்டோ, அவற்றைத் தடுப்பவர்களுக்கு வேறு டைப்பில் ஒன்று.

ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் தாக்குதல் ஜோடிகள் சில உண்டு. ஐஸ், எலெக்ட்ரிக் ஜோடி பழையது, இன்றும் வேலை செய்கிறது. மேக்னசோன் போன்ற சிலவற்றிடம்தான் இரண்டும் பாதியாகும். கோஸ்ட், ஃபைட்டிங் ஜோடிக்குத் தப்புவது அதைவிடக் கடினம். நார்மலும் கோஸ்ட்டுமான ஹிசுவி ஸோரோவார்க் 2022-ல் வந்த பிறகுதான் இரண்டையுமே பூஜ்ஜியமாக்கும் ஒன்று கிடைத்தது.

தடுப்பு வாசிப்புக்கு ஹீட்ரான், ரோட்டம் வாஷ், அமூங்கஸ் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹீட்ரானின் பலவீனம் கிரவுண்ட், வாட்டர், ஃபைட்டிங். ரோட்டம் வாஷ் எலெக்ட்ரிக்கும் வாட்டரும், லெவிடேட் திறனால் கிரவுண்ட் படாது, வாட்டர் பாதி. அதன் ஒரே பலவீனம் கிராஸ், அது ஹீட்ரானிடம் கால் பங்கு. ஃபைட்டிங் வந்தால் கிராஸும் பாய்சனுமான அமூங்கஸ் பாதியாக வாங்கிக்கொள்ளும். அமூங்கஸுக்கு ஆகாதவை ஃபயர், ஐஸ், ஃப்ளையிங், சைக்கிக். அந்த நான்கில் பின்னால் சொன்ன மூன்றையும் ஹீட்ரான் தாங்கும், ஃபிளாஷ் ஃபயர் இருந்தால் ஃபயரையும் சேர்த்துத் தாங்கும். ஒருவர் ஓட்டையை இன்னொருவர் அடைக்கிறார். இருந்தும் டார்க், கோஸ்ட், ராக் மூன்றும் இந்த மூவர் மேலும் முழுசாக விழும். மீதி மூன்று இடங்களை நிரப்பும்போது அதைத்தான் பார்க்க வேண்டும். மோல்ட் பிரேக்கர் திறனோடு எக்ஸ்காட்ரில் வந்துவிட்டால் லெவிடேட் செல்லாது. எர்த்குவேக் ரோட்டம் மேல் இரண்டு மடங்கு, ஹீட்ரான் மேல் நான்கு மடங்கு. தாளில் அழகாக நிற்கும் அணிகள் களத்தில் உடைவது பெரும்பாலும் இப்படி ஒரு திறனால்தான்.

அணி கட்டும்போது ஒரு தாளில் 18 டைப்பையும் மேலே எழுதி, ஆறு போக்கிமானுக்கும் ஆறு வரி போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 4, 2, 1, அரை, கால், பூஜ்ஜியம் என்று நிரப்புங்கள். பிறகு நெடுவரிசையாகப் பாருங்கள். எந்த டைப்புக்காவது மூன்று பேர் பலவீனமாக இருந்து, தாங்குபவர் ஒருவரும் இல்லையென்றால் அங்கே அணி விழும். கிரவுண்டுக்கும் ராக்குக்கும் இந்தச் சோதனை கட்டாயம். எர்த்குவேக் பெரும்பாலான அணிகளில் இருக்கும். ராக்கின் காரணம் ஸ்டெல்த் ராக்.

2006-ல் வந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில்தான் ஸ்டெல்த் ராக் நுழைந்தது. எதிராளியின் பக்கம் ஒருமுறை கற்களைப் போட்டுவிட்டால், உள்ளே வருகிற ஒவ்வொன்றும் தன் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். ராக்குக்கு இரண்டு மடங்கு பலவீனமானால் கால் பங்கு, நான்கு மடங்கானால் பாதி. ஃபயரும் ஃப்ளையிங்குமான சாரிசார்ட், பக்கும் ஃபயருமான வால்கரோனா இரண்டும் களத்தில் காலை வைத்ததுமே பாதி உயிரைப் பறிகொடுக்கும். இடையில் உயிரேற்றாவிட்டால் இரண்டாம் முறை வரும்போது அடியே வாங்காமல் விழும். 2019-ல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டில் இந்தக் கற்கள் படாமல் காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் சேர்ந்த பிறகுதான் இவை மூச்சுவிட்டன. அதற்காகப் பொருள் வைக்கும் ஒரே இடத்தை அந்தப் பூட்ஸுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும், அது சின்ன விலையில்லை.

அட்டவணையில் அச்சாகாத பாதுகாப்புகளும் உண்டு. ஃபயர் டைப்புக்குத் தீக்காயம் பிடிக்காது. ஸ்டீலுக்கும் பாய்சனுக்கும் விஷம் ஏறாது. ஆட்டங்களின் ஆறாம் தலைமுறையிலிருந்து, அதாவது 2013-ன் எக்ஸ், ஒய் முதல், எலெக்ட்ரிக்குக்கு முடக்கம் வராது, கிராஸின் மேல் ஸ்போர் போன்ற பொடித் தாக்குதல்கள் பலிக்காது. ஏழாம் தலைமுறையிலிருந்து பிராங்ஸ்டர் திறனால் முந்திக்கொண்டு வரும் தொந்தரவுகள் டார்க்கிடம் செல்லுபடியாகாது. தண்டர் வேவ் எலெக்ட்ரிக் தாக்குதல் என்பதால் கிரவுண்ட் மேல் படாது. இவற்றைத் தெரியாமல் ஒரு முறையை வீணாக்கினால் சமபல ஆட்டத்தில் அதுவே தோல்விக்குப் போதும்.

பழைய பிழைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. முதல் தலைமுறையில் 15 டைப்கள்தான், சைக்கிக்கைக் கட்டுப்படுத்த ஆளே இல்லை. கோஸ்ட் தாக்குதல் சைக்கிக் மேல் பூஜ்ஜியமாக வைக்கப்பட்டிருந்தது. பலவீனம் என்று மிஞ்சியது பக். அதிலும் நல்ல தாக்குதல்கள் இல்லை, லீச் லைஃபின் பலம் 20. ட்வின்நீடில் போடும் பீட்ரில்லோ பாய்சனும் கலந்தது என்பதால் சைக்கிக்கிடம் தானே இரண்டு மடங்கு வாங்கும். 1999-ல் கோல்ட், சில்வர் ஆட்டங்கள் டார்க்கையும் ஸ்டீலையும் கொண்டுவந்து இதைச் சரிசெய்தன. 2013-ல் எக்ஸ், ஒய் ஆட்டங்களில் ஃபேரி வந்து டிராகனை அடக்கியது. அதே சமயம் ஸ்டீல், கோஸ்ட்டுக்கும் டார்க்குக்கும் வைத்திருந்த எதிர்ப்பை இழந்தது. இந்த இரண்டு திருத்தங்களும் நல்ல வேலை. ஐஸுக்கு மட்டும் இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. டிராகன், ஃப்ளையிங், கிரவுண்ட், கிராஸ் நான்கையும் இரண்டு மடங்கு அடிக்கும் டைப் அது. வாங்கும்போதோ ஃபயர், ஃபைட்டிங், ராக், ஸ்டீல் நான்குக்கும் பலவீனம், எதிர்ப்பு தன் ஐஸுக்கு மட்டும். ஒன்பதாம் தலைமுறையில் பனி பெய்தால் ஐஸின் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்காகிறது. உதவிதான், ஆனாலும் ஐஸ் டைப்பை அடி வாங்க உள்ளே அனுப்பும் துணிவை அது தரவில்லை. வாட்டரையாவது அது எதிர்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாம் தலைமுறை வரை ஒரு தாக்குதல் உடல்வலுவா (அட்டாக் எண்ணில் கணக்காவது) சிறப்புவலுவா (ஸ்பெஷல் அட்டாக் எண்ணில் கணக்காவது) என்பதை டைப்பே தீர்மானித்தது. வாட்டர் முழுக்கச் சிறப்பு. கியாரடோஸின் அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. தன் சொந்த வாட்டர் தாக்குதலை அதனால் உருப்படியாகப் போட முடியாது. நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாகப் பிரித்த பிறகு வாட்டர்ஃபால் உடல்வலுவானது, கியாரடோஸ் பலம் பெற்றது.

ஸ்கார்லெட், வயலெட்டின் டெராஸ்டலைஸ் இந்த மனப்பாடத்தையெல்லாம் ஒரு நொடியில் புரட்டிப்போடும். ஆட்டத்துக்கு ஒருமுறை டைப்பை மாற்றலாம். தடுப்பில் புதிய டைப் மட்டுமே நிற்கும், தாக்குதலில் பழைய டைப்களின் ஒன்றரை மடங்கும் கூடவே இருக்கும். டெரா டைப்பும் சொந்த டைப்பும் ஒன்றானால் இரண்டு மடங்கு. டிராகனைட் நார்மலாக மாறினால் நான்கு மடங்கு ஐஸ் பலவீனம் மறைந்து, நார்மல் தாக்குதலான எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்கு ஸ்டாப் கிடைக்கும். போவதையும் பார்க்க வேண்டும். கார்சோம்ப் ஸ்டீலாக மாறினால் ஐஸ் பாதியாகும், ஆனால் கிரவுண்ட் தந்த எலெக்ட்ரிக் பூஜ்ஜியம் காணாமல் போகும், எர்த்குவேக் இரண்டு மடங்காகும். ஐஸ் அடிக்குத் தப்பிய மகிழ்ச்சியில் அடுத்த முறையே எர்த்குவேக் வாங்கி விழுவது சாதாரணமாக நடக்கிறது.

2016-ன் சன், மூன் ஆட்டங்களிலிருந்து, முன்பே சந்தித்த போக்கிமான் எதிரே நின்றால் தாக்குதல் பெயரின் கீழேயே பலிக்குமா பலிக்காதா என்று திரை காட்டிவிடும். தொடக்கக்காரர்களுக்கு நல்ல துணை. ஆனால் ஸ்கார்லெட், வயலெட்டிலும் இரண்டு மடங்கும் நான்கு மடங்கும் ஒரே சொல்லாகத்தான் வரும். அந்த வித்தியாசம் தலையில்தான் இருக்க வேண்டும்.

கைபேசி ஆட்டமான போக்கிமான் கோ ஆடிவிட்டு இங்கே வருபவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டும். அங்கே பலவீனம் 1.6 மடங்கு, இரட்டைப் பலவீனம் 2.56. எதிர்ப்பு 0.625. பூஜ்ஜியம் என்பதே கிடையாது, அந்த இடத்தில் ஏறக்குறைய 0.39. ஸ்டாப்பும் 1.2 மட்டுமே. அங்கே கிரவுண்ட் மேல் எலெக்ட்ரிக் போட்டாலும் ஏதோ கொஞ்சம் உரசும். மூல ஆட்டங்களில் அதே பிகாச்சுவின் தண்டர்போல்ட் கிரவுண்ட் மேல் ஒரு புள்ளிகூடக் குறைக்காது. கோவிலிருந்து வந்தவர்கள் முதல் வாரத்தில் தோற்கும் ஆட்டங்களில் இந்தத் தவறு அடிக்கடி தென்படும். அந்த எட்டுப் பூஜ்ஜியங்களை முதலில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு ஆடத் தொடங்குங்கள்.