நேச்சுரல் கேஸ் வண்டி டேங்க்: சி.என்.ஜி, எல்.என்.ஜி, கார்பன், எம்.ஓ.எஃப் எது எங்க ஜெயிக்குது?

நேச்சுரல் கேஸ்ல பெரும்பகுதி மீத்தேன்தான். அதை ரூம் டெம்பரேச்சர்ல எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, மைனஸ் 82 டிகிரிக்கு கீழ கொண்டுபோனாதான் ஆகும். எல்.பி.ஜிக்கு இந்த பிரச்சனை இல்ல, கொஞ்சம் அழுத்தினாலே திரவமாயிடும். நேச்சுரல் கேஸ் வண்டியோட அத்தனை தலைவலியும் இங்கதான் ஆரம்பிக்குது. பெட்ரோல்ல லிட்டருக்கு சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கு, அழுத்தாத மீத்தேன்ல 0.04 கூட தேறாது.

இப்போ ஓடிக்கிட்டு இருக்கிற வழி ரெண்டு. சி.என்.ஜில 200-250 பார் (1 பார்னா கிட்டத்தட்ட நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம்) அழுத்தி அடைப்பாங்க, லிட்டருக்கு சுமார் 9 மெகாஜூல் கிடைக்கும், ஆனா அந்த அழுத்தத்தை தாங்க கெட்டியான உருளை சிலிண்டர் வேணும், அது டிக்கில பாதி இடத்தை தின்னுடும், ஸ்டேஷன்ல பல கட்ட கம்ப்ரஸர் வேற. எல்.என்.ஜின்னா மைனஸ் 162 டிகிரிக்கு குளிரவச்சு திரவமாக்கறது, லிட்டருக்கு 20 மெகாஜூலுக்கு மேல. தினமும் ஓடுற லாங் டிஸ்டன்ஸ் லாரிக்கு அருமை, நாலஞ்சு நாள் சும்மா நிக்கிற காருக்கு சரிப்படாது, உள்ள கேஸ் ஆவியாகி பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கும், கடைசில வெளியேத்த வேண்டியதுதான்.

மூணாவது வழிதான் சுவாரஸ்யம். டேங்குக்குள்ள நுண்துளைப் பொருளை நிரப்பிட்டா, மீத்தேன் மூலக்கூறுகள் அந்த துளைச் சுவர்ல ஒட்டி நெருக்கமா உக்காந்துக்கும், அதனால 35-65 பார்லயே நிறைய கேஸ் பிடிக்கும். துளை ரொம்ப பெருசா இருந்தாலும் பிரயோஜனமில்ல, ரெண்டு மீத்தேன் அடுக்கு நிக்கிற அளவு, அதாவது ஒரு நானோமீட்டருக்கு சற்று மேல இருந்தா நல்லா வேலை செய்யும். அழுத்தம் குறைவுங்கறதால டேங்க் உருளையா இருக்கணும்னு கட்டாயமில்ல, தட்டையா சீட்டுக்கு அடில பொருத்தலாம், கம்ப்ரஸரும் சின்னது போதும்.

இதுக்கு ரெண்டு போட்டியாளர்: ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளை நிறைஞ்ச கரி), அப்புறம் எம்.ஓ.எஃப்னு சொல்ற உலோக-கரிம சட்டகங்கள், அதாவது உலோக அணுக்களை கரிம மூலக்கூறுகளால கோர்த்த துளை நிறைஞ்ச படிகங்கள் (2025 வேதியியல் நோபல் கிடைச்சது இந்த துறைக்குத்தான்). எம்.ஓ.எஃப்ல பிரபலமானது காப்பர் வச்ச ஹெச்.கே.யூ.எஸ்.டி-1. 65 பார்ல ஒரு லிட்டர் பொருளுக்கு 267 லிட்டர் மீத்தேன் (அழுத்தாத நிலையில அளந்தா) பிடிக்கும்னு 2013ல வந்தது, 250 பார் சி.என்.ஜிக்கு சமமா அமெரிக்க எரிசக்தித் துறை 2012ல வச்ச இலக்கே 263தான், அதனால எல்லாரும் துள்ளி குதிச்சாங்க. ஆனா அந்த 267 ஒரு முழு படிகத்தோட அடர்த்தியை வச்சு போட்ட கணக்கு. நிஜத்துல கைக்கு வர்றது பவுடர், பவுடர்னா நடுவுல வெத்திடம், சரி அழுத்தி பெல்லட் ஆக்கலாம்னா துளையே நொறுங்கி போகுது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆட்கள் 2018ல இதையே ஒரே கட்டியா வளர்த்து 259 காட்டினாங்க, எனக்கு 267ஐ விட இந்த 259 மேலதான் மதிப்பு, ஏன்னா இது நிஜ கட்டியோட அடர்த்தி.

அதுவும் போதாது. இன்ஜினுக்கு கேஸ் போகணும்னா டேங்க்ல 5 பாராவது மிச்சம் இருக்கணும், அந்த 5 பார்ல துளைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கறது வெளிய வராது. ஹெச்.கே.யூ.எஸ்.டி-1 விஷயத்துல கைக்கு வர்றது சுமார் 190 லிட்டர்தான். சி.என்.ஜில பிடிச்சது கிட்டத்தட்ட முழுசா வந்துடும். ஒப்பிடும்போது பிடிக்கிற அளவை விட்டுட்டு கைக்கு வர்ற அளவை மட்டும் பாருங்க, பாதி பரபரப்பு அங்கயே அடங்கிடும்.

அப்புறம் சூடு. மீத்தேன் ஒட்டும்போது சூடு கிளம்பும், வேகமா நிரப்பினா டேங்க் சூடாகி குறைவாத்தான் பிடிக்கும், ஓட்டும்போது அதுவே குளிர்ந்து கேஸ் விட மறுக்கும். 2015ல வந்த ஒரு கோபால்ட் எம்.ஓ.எஃப் இதை ரொம்ப அழகா சமாளிக்குது, அழுத்தம் ஏறினா சட்டகமே விரிஞ்சு கொடுத்து அந்த விரிவுல சூட்டோட ஒரு பகுதியை உறிஞ்சிடுது, கைக்கு வர்றதும் 197 லிட்டர், இந்த துறைல நான் படிச்சதிலேயே எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இதுதான்.

கார்பன் பக்கம் வந்தா, மிசௌரி பல்கலைக்கழகத்துல 2007ல சோளத்தட்டை... இல்ல, மணி உதிர்த்த மக்காச்சோளக்கதிர் தண்டுல இருந்து செஞ்ச கார்பன் 35 பார்ல லிட்டருக்கு 180 லிட்டரை தொட்டுச்சு, அப்போதைய இலக்கே அதுதான். அளவுல எம்.ஓ.எஃப் முந்துது, ஒத்துக்கறேன். ஆனா ஹெச்.கே.யூ.எஸ்.டி-1க்கு ஈரம் ஆகாது, கார்பன் ஈரத்தை தாங்கும், விலையும் சொற்பம். பைப்லைன்ல வர்ற கேஸ்ல ஈத்தேன், புரொப்பேன், வாசனைக்கு சேர்க்கற கந்தகப் பொருள் எல்லாம் இருக்கு, இதெல்லாம் மீத்தேனை விட பலமா ஒட்டிக்கும், நிரப்ப நிரப்ப துளை அடைபட்டு கொள்ளளவு இறங்கும். அதனால ரெண்டு பொருளுக்கும் முன்னாடி ஒரு ஃபில்டர் கட்டாயம், ஆனா ஃபில்டர் தப்பவிட்டதால பாழானா கார்பனை மாத்திக்கலாம், எம்.ஓ.எஃப்பை அவ்வளவு சுலபமா மாத்த மனசு வராது.

என் தேர்வு இப்படி: லாங் டிஸ்டன்ஸ் லாரிக்கு எல்.என்.ஜி, நாள் முழுக்க ஓடி அஞ்சு நிமிஷத்துல நிரப்பணும்னா சி.என்.ஜி. ராத்திரி முழுக்க நிறுத்தி மெதுவா நிரப்பற, கம்மி தூரம் ஓடுற சின்ன வண்டிக்கு கார்பன் டேங்க், மெதுவா நிரப்பினா அந்த சூடு தானா ஆறிடும். எம்.ஓ.எஃப்புக்கு நான் காத்திருக்கேன், சுத்தமான மீத்தேன்ல இல்லாம நிஜ பைப்லைன் கேஸ்ல ஆயிரக்கணக்கான தடவை நிரப்பி காலி பண்ணி அதே 190ஐ காட்டட்டும், அன்னிக்கு கட்சி மாறிடுவேன்.