ஹைலக்ஸ் 22ஆர்-ஈ என்ஜினுக்கு எந்தக் கொம்பியூட்டர் பெட்டி?

ரொயோட்டாவின் 22ஆர்-ஈ பெற்றோல் என்ஜின் பூட்டிய ஹைலக்ஸ் ஸ்டார்ட் எடுக்காவிட்டால், பெற்றோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் பெட்டியைத்தான் உடனே சந்தேகிக்கிறார்கள். திருகோணமலையில் ஓடும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் அது தவறான சந்தேகம். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் தரைக்கம்பளத்துக்கு அடியில் இறங்கி, வயர் முனைகளையும் ஏத் (மைனஸ்) போல்ட்டையும் பச்சை பூக்க வைக்கும். புதுப்பெட்டி போட்டாலும் அந்தப் பச்சை அங்கேயேதான் இருக்கும்.

அதனால் முதலில் வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்ற்றிமீற்றரை எடுங்கள். சாவியை ஓன் செய்ததும் செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்ப், ஈஎப்ஐ (பெற்றோல் இன்ஜெக்ஷன்) பியூஸ், மெயின் ரிலே ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரியின் மைனஸுக்கும் பெட்டியின் ஏத் வயரான ஈ1க்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏத் சரியில்லை. சென்சர்களுக்குப் பெட்டி கொடுக்க வேண்டிய 5 வோல்ட் வரவில்லையா? த்ரொட்டில் சென்சரின் சொக்கெட்டைக் கழற்றுங்கள். 5 வோல்ட் திரும்பி வந்தால் ஷோட் ஆனது சென்சர்தான், பெட்டி நல்லது.

அடுத்தது, என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு மடலால் அளக்கும் எயார் ஃப்ளோ மீற்றர். எந்தப் பெட்டி வாங்குவது என்பதை உண்மையில் தீர்மானிப்பது இதுதான். வண்டியில் உள்ள பழைய பெட்டியோ, அதே இலக்கமுள்ள இன்னொரு பெட்டியோ, இரண்டுமே இந்த மீற்றர் இல்லாமல் வேலை செய்யாது. மீற்றரின் எஃப்சி, ஈ1 முனைகளுக்கு இடையே மடல் மூடியிருக்கும்போது தொடர்பு இருக்கக்கூடாது. விரலால் சற்றுத் திறந்தால் சுழியம் ஓம் வர வேண்டும். என்ஜின் ஓடும்போது பெற்றோல் பம்பை ஓட வைப்பது இந்தத் தொடர்புதான். பிறகு ஊசி உள்ள மல்ற்றிமீற்றரை விஎஸ், ஈ2 முனைகளில் வைத்து மடலை மெதுவாகத் திறவுங்கள். ஊசி இடையில் துள்ளினாலோ விழுந்தாலோ உள்ளே கார்பன் பாதை தேய்ந்துவிட்டது. டிஜிட்டல் மல்ற்றிமீற்றரில் இந்தத் துள்ளல் கண்ணுக்குப் பிடிபடாது.

எயார் ஃப்ளோ மீற்றர் நல்லதென்றால் பழைய பெட்டியைத் திருத்துவதே முதல் தெரிவு. இந்த வயதுப் பெட்டிகளில் சாகிறவை பெரும்பாலும் மின்னாற்பகு கப்பாசிட்டர்கள்தான். கசிந்த திரவம் பலகையின் செப்புப் பாதையைத் தின்றுவிடும். மூடியைத் திறந்ததும் மீன் வாடை போல அடித்தால் அது கப்பாசிட்டரின் வாடை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை ரகம். பழையதைக் கழற்றுமுன் மைனஸ் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் கழுவி, அறுந்த பாதைக்கு மெல்லிய வயர் வைத்துச் சொல்டர் பண்ணி, சோதித்த பிறகு பலகைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு அடியுங்கள். கடற்காற்று ஊரில் அந்தக் கடைசி வேலையை விட்டால் திருத்தம் நிலைக்காது.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பழைய பெட்டி தேடுவது வேகமான வழி. ஆனால் சொக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைக்கக்கூடாது. 89661 என்று தொடங்கும் இலக்கம் முழுதாகப் பொருந்த வேண்டும். கியர் மனுவலா ஓட்டோவா, ஒக்சிஜன் சென்சர் உண்டா என்பதைப் பொறுத்தும் பெட்டி மாறும். வாங்கும் பெட்டியும் உங்கள் பெட்டியின் வயதுதான் என்பதால் கப்பாசிட்டர் வேலை அதற்கும் காத்திருக்கிறது.

பழைய பெட்டியை ஏமாற்றி ஓட்டும் பிக்கிபேக் வகை இங்கே பயனில்லை. செத்த மீற்றரை அது உயிர்ப்பிக்காது. எந்த என்ஜினுக்கும் அமைத்துக்கொள்ளக்கூடிய லிங்க், ஹால்டெக் நல்ல பெட்டிகள்தான், ஆனாலும் சுமை ஏற்றும் ஹைலக்ஸுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எயார் ஃப்ளோ மீற்றர் செத்து, நல்லது கிடைக்காத இடத்தில்தான், நாமே அமைத்துக்கொள்ளும் பெட்டிகளான ஸ்பீடுயினோவும் மைக்ரோஸ்குவர்ட்டும் வருகின்றன. இரண்டும் மெனிஃபோல்ட் வெற்றிடத்தை வைத்துப் பெற்றோலைக் கணக்கிடும், மடல் தேவையில்லை. ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ மலிவு. பலகையிலேயே வெற்றிட சென்சர் இருப்பதால் ஒரு ரப்பர் குழாய் இழுத்தால் போதும். குறை என்னவென்றால் தண்ணீர் காக்கும் உறை அதற்கு இல்லை, டிஸ்ரிபியூட்டரின் காந்தச் சுருள் சிக்னலை மாற்றித் தரும் சிறு பலகையும் தனியாக வேண்டும். மைக்ரோஸ்குவர்ட்டில் அந்தச் சிக்னல் பகுதி உள்ளேயே உண்டு, உறையும் மூடியது. வெற்றிட சென்சரைத்தான் வெளியே பூட்ட வேண்டும். கொட்பே, கிண்ணியா பக்கம் மீன் ஏற்றும் வண்டிக்கு மைக்ரோஸ்குவர்ட், கேபின் காய்ந்திருக்கும் வண்டிக்கு ஸ்பீடுயினோ. எங்கள் பரிந்துரை இதுதான்.

எயார் ஃப்ளோ மீற்றரைக் கழற்றும்போது இரண்டு விஷயங்கள் மறந்துபோகின்றன. காற்று வெப்ப சென்சர் அதற்குள்ளேதான் இருக்கிறது, தனியாக ஒன்று பூட்ட வேண்டும். பம்ப் தொடர்பும் அதோடு போய்விடுவதால் பம்ப் ரிலேயைப் புதுப்பெட்டியே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆனதும் பெற்றோல் நின்றுவிடும். இன்ஜெக்டர்களையும் அளந்து பாருங்கள். 13 ஓம் அளவென்றால் நேரே கொடுக்கலாம். 2, 3 ஓம் வகையை ஸ்பீடுயினோவுக்கு நேரே கொடுத்தால் பெட்டிக்குள் இன்ஜெக்டரை இயக்கும் மின்பகுதி எரியும், ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ரெசிஸ்ரர் வேண்டும்.

அதிகம் எரிகிற பொருள் இக்னிஷன் கொயில். புதுப்பெட்டியின் மென்பொருளில் ஸ்பார்க் அமைப்பைத் தலைகீழாக வைத்தால் என்ஜின் நிற்கும்போதே கொயிலில் மின் ஓடி, சில நிமிடத்தில் கொதித்துவிடும். ஸ்பீடுயினோவில் கொயிலை இயக்கும் ரொயோட்டா இக்னைட்டருக்கு ‘கோயிங் லோ’ என்று வையுங்கள். மைக்ரோஸ்குவர்ட்டில் பெயரிடும் முறை வேறு, இதை அப்படியே அங்கே எழுதக்கூடாது. எந்தப் பெட்டியானாலும் சாவியை ஓன் செய்து கொயிலைத் தொட்டுப் பாருங்கள். சூடு ஏறினால் உடனே நிறுத்துங்கள். பிறகு ஸ்பார்க் டைமிங்கை ஓர் எண்ணில் பூட்டி, கணினித் திரையும் டைமிங் லைட்டும் ஒன்றையே காட்டுகின்றனவா என்று பார்த்த பின்பே வண்டியை ஓட்டலாம். என்ஜின் தட்டலைக் கண்டறியும் நொக் சென்சரைப் பயன்படுத்தாமல் 92 ஒக்டேன் பெற்றோலில் சுமை ஏற்றுவதானால், அதிக சுமைப் பகுதியில் ஸ்பார்க் முந்தி விழும் அளவை (அட்வான்ஸை) குறைத்தே வையுங்கள். காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் வைட்பாண்ட் ஒக்சிஜன் சென்சர் இல்லாமல் டியூன் பண்ணினால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டக்கூடும்.

எதைப் பூட்டினாலும் பழைய வயர் கட்டை வெட்டாதீர்கள். செத்த பெட்டியிலிருந்து சொக்கெட்டைக் கழற்றி, புதுப்பெட்டியின் வயர்களை அதில் சொல்டர் பண்ணுங்கள். அப்போது நல்ல ஒரிஜினல் பெட்டியும் மீற்றரும் கிடைக்கிற நாளில், சேர்த்த சென்சர்களையும் ரிலே வயரையும் விலக்கி அவற்றைத் திரும்பச் செருகிவிடலாம்.